கிரான்பெரித் தோட்டத்தில் ஓராண்டு: தண்ணீரை விடுவதும் வடிப்பதும்

கிரான்பெரிப் பழச்சாற்று விளம்பரங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று பழங்கள் மிதக்கும். நடுவே ரப்பர் கால்சட்டை அணிந்த இருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். அதைப் பார்த்தவர்கள் இந்தப் பழம் அல்லியும் தாமரையும் போலத் தண்ணீரில் விளைகிறது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் கிரான்பெரி மணலில் படரும் குட்டையான கொடி. இலையுதிர் காலத்தில் அறுவடைக்காகச் சில நாள்களும், குளிர்காலத்தில் பனிக்கட்டியாகச் சில மாதங்களும்தான் அதன்மேல் தண்ணீர் நிற்கும். மற்ற நாள்களில் வேர் ஊறிக் கிடந்தால் கொடி மூச்சுத் திணறி அழுகிப்போகும். ஆனாலும் இந்தத் தொழிலில் முதலில் கற்க வேண்டியது தண்ணீரைத்தான். எப்போது விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது வடிப்பது என்ற மூன்றும் கைவந்துவிட்டால் மற்ற வேலைகளைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விஸ்கான்சின் ராப்பிட்ஸ், டோமா, வாரன்ஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள குடும்பத் தோட்டங்களில் வேலைக்குச் சேருகிறவர்களுக்காகவும், அப்படியொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அந்த நாட்டு விளைச்சலில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாநிலத்திலிருந்தே வருகிறது. நான் அங்கே ஒரு குடும்பத் தோட்டத்தில் பல ஆண்டுகள் வசந்தகால இரவுக் காவலும் அறுவடை வேலையும் பார்த்தவன். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும், கனடாவின் கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களிலும் இதே பயிர் உண்டு என்றாலும், குளிரின் கடுமையும் நிலத்தின் அமைப்பும் மாறுவதால் அங்கே நாள்கணக்கு வேறாகும். பெயரும் மாறும்: மாசசூசெட்ஸில் ‘பாக்’ என்பதை விஸ்கான்சினில் ‘மார்ஷ்’ என்பார்கள். புதிதாக வந்தவர் ‘பாக்’ என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

பாத்தியும் மதகும்

தோட்டத்தில் கால் வைத்ததும் பழத்தைப் பார்க்காதீர்கள். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். மேட்டில் நீர்த்தேக்கம் இருக்கும். அதிலிருந்து வாய்க்கால் இறங்கும். வாய்க்காலின் இருபுறமும் நீண்ட செவ்வகப் பாத்திகள், ஒவ்வொன்றும் சில ஏக்கர் பரப்பில், லாரி போகுமளவு அகலமான கரைகளோடு அமைந்திருக்கும். பாத்திக்குள் கரையோரமாகச் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மதகு. அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியும் உருவியும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவார்கள். நெல்வயலில் மடை திறந்து பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் ஈரத்தில் ஊதிய பலகையை உருவுவதற்கென்று நீண்ட கொக்கிக் கம்பி இருக்கும். அது எங்கே தொங்குகிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது தேவைப்படும்போது பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும்.

பாத்தியின் மேல்மட்டம் மணல். கீழே பல இடங்களில் பீட் எனப்படும் மட்கிய சதுப்புமண். மண் அமிலத்தன்மையுடன், பி.எச். 4 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். பயிர் நிற்கும் ஒவ்வோர் ஏக்கருக்கும் பல ஏக்கர் நீர்த்தேக்கமும் காடும் சதுப்பும் துணைநிலமாக இருப்பதால், நிலப் பத்திரத்தில் உள்ள பரப்பைப் பார்த்து வருமானத்தைக் கணக்கிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கிரான்பெரிக்காரர்கள் அணை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் உரிமை தரும் சட்டத்தை விஸ்கான்சின் 1867-லேயே இயற்றியது. அந்த அளவுக்கு இங்கே தண்ணீர்தான் சொத்து.

புதிய பாத்தியில் விதை ஊன்றுவதில்லை. பழைய பாத்தியில் வெட்டிய கொடித் துண்டுகளை மணல்மேல் பரப்பி, மழுங்கிய வட்டத்தகடுகள் கொண்ட கருவியால் மண்ணுக்குள் அழுத்திவிடுவார்கள். கொடி நிலத்தை மூடிச் சொல்லும்படியான காய்ப்புக்கு வர 3, 4 ஆண்டுகள் ஆகும். 1950-இல் வெளியான ஸ்டீவன்ஸ் என்ற ரகம் இன்றும் பல பாத்திகளில் இருக்கிறது. சீக்கிரம் சிவப்பேறுவதற்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹைரெட்டையும், அதிக விளைச்சலுக்காக நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தந்த முல்லிகா குயீன் போன்ற ரகங்களையும் புதிதாக நடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நன்றாகப் பேணினால் கொடி மனித ஆயுளைத் தாண்டியும் காய்க்கும். தாத்தா நட்ட பாத்தியில் பேரன் அறுப்பது இங்கே சாதாரணம்.

கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தரையோடு படர்ந்து ஓடுவது ஒன்று, அதிலிருந்து விரலளவு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பது மற்றொன்று. நிமிர்ந்த தண்டுகள்தான் பெரும்பாலும் காய்க்கும். அதன் நுனியில் கோடையின் பிற்பகுதியில் உருவாகும் மொட்டுக்குள் அடுத்த ஆண்டின் பூக்கள் அடங்கியிருக்கும். அதாவது, இந்த ஆண்டுக் காய் பருத்துக்கொண்டிருக்கும்போதே அதே தண்டு அடுத்த ஆண்டுக்கும் மொட்டுக் கட்டுகிறது. ஆகஸ்டில் தண்ணீர் குறைந்தாலோ உரம் மிகுந்தாலோ அடி இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து விழும் என்பதற்கு இதுவே காரணம்.

பனிக்கட்டிக் காலம்

கிரான்பெரி இலையுதிர்க்காத கொடி. குளிரில் அதன் இலைகள் பச்சை மங்கி வைன் நிறத்துக்கு மாறி உறங்கிக்கொண்டிருக்கும். வேர் உறைந்த நிலத்தில் நீரை உறிஞ்ச முடியாதபோது, மேலே வீசும் வறண்ட குளிர்காற்று இலையிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டால் கொடி காய்ந்து செத்துவிடும். அதைத் தடுக்கத்தான் டிசம்பரில் பாத்திக்கு நீர் விட்டு உறைய வைக்கிறார்கள். ஒரேயடியாக ஆழமாக நிரப்பாமல், கடுங்குளிர் நிலைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரு அடுக்கு உறைந்ததும் அடுத்த அடுக்கை ஏற்றி, கொடியின் நுனிவரை கட்டிக்குள் அடக்க வேண்டும். உறையாத தண்ணீர் அடியில் மிஞ்சினால் வடித்துவிட வேண்டும். கட்டியின்மேல் வெண்பனி கனமாக மூடி வெளிச்சம் நின்றுபோகும் நாள்களில், அடியில் தேங்கிய நீரில் உயிர்வளி தீர்ந்து, வசந்தத்தில் இலை உதிர்வதாகவும் காய்ப்புக் குறைவதாகவும் அந்தத் தவறு வெளிப்படும்.

பனிக்கட்டி கெட்டியானதும் மணல் போடும் வேலை வரும். இதன் கதை 1816-க்குப் போகிறது. மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில், டென்னிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் என்பவர், கடற்கரை மணல் காற்றில் பறந்து படிந்த இடங்களில் காட்டுக் கிரான்பெரிக் கொடி இன்னும் செழிப்பாக வளர்வதைக் கவனித்தார். பயிராக வளர்க்கும் முறை அங்கிருந்துதான் தொடங்கியது. இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை கனத்தில் மணலைப் பனிக்கட்டியின்மேல் சீராகப் பரப்புகிறார்கள். கட்டி உருகும்போது மணல் கொடிகளுக்கிடையே இறங்கி, படர்தண்டுகளை மூடிப் புதுவேரும் புதுத்தண்டும் விடச் செய்கிறது. தரையில் கிடக்கும் பூச்சிகளையும் களைவிதைகளையும் புதைக்கிறது. பின்பக்கம் பரப்பும் பெட்டி பொருத்திய லாரிகள் இதைச் செய்யும்.

லாரியை ஏற்றுவதற்கு முன் கட்டியைத் துளையிட்டுப் பல இடங்களில் அளக்க வேண்டும். நடுப்பாத்தி உறுதியாக இருந்தாலும் கரையோரப் பள்ளத்தின்மேல் கட்டி ஏமாற்றும். மதகுக்கு அருகே நீர் அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே ஒருபோதும் நம்பக் கூடாது. சன்னலை இறக்கி, இடுப்புப் பட்டையைக் கழற்றி, கதவை உடனே திறக்கும் நிலையில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்வார்கள். குளிருக்குப் பயந்து சன்னலை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

வசந்தகால இரவுகள்

உறக்கம் கெடும் காலம் இது. மார்ச்சில் கட்டி உருகி நீர் வடிந்ததும் மொட்டு மெல்ல விழித்துக்கொள்ளும். விழிக்க விழிக்கக் குளிரைத் தாங்கும் ஆற்றல் குறையும். நீர் உறைவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில்; இறுக மூடிய மொட்டு 20 டிகிரிக்குக் கீழேயும் தாங்கும். அது பருத்து ‘முட்டைக்கோஸ் தலை’ என்று அவர்கள் அழைக்கும் நிலைக்கு வந்து, பிறகு நீண்டு, பூங்காம்பு கொக்கிபோல் வளையும் நிலையை எட்டும்போது 30 டிகிரிக்குக் கீழே போனாலே கருகிவிடும். ஆகவே அன்றைய தாங்கும் எல்லை எது என்பதை நாள்காட்டி சொல்லாது. வாரம் இருமுறை பாத்திக்குள் போய், ஒவ்வொரு ரகத்திலும் சில தண்டுகளைக் கிள்ளி, கை லென்ஸில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வானிலை அறிக்கையும் உதவாது. தோட்டம் தாழ்வான இடத்தில் இருப்பதால் தெளிந்த, காற்றில்லாத இரவில் குளிர்காற்று வழிந்து வந்து அங்கே தேங்கும். ஊரைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெப்பமானியை வீட்டுச் சுவரில் மாட்டாமல், பாத்தியிலேயே கொடியின் நுனி உயரத்தில் வைப்பது அதற்காகத்தான். இப்போது அலைபேசிக்கு எச்சரிக்கை வரும் கருவிகள் உண்டு. ஆனாலும் பெரியவர்கள் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை. அதில் அவர்கள் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன்.

எல்லைக்கு ஓரிரு டிகிரி மேலே இருக்கும்போதே தெளிப்பான்களை ஓடவிட வேண்டும். நீர் உறையும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. தொடர்ந்து தெளித்துக்கொண்டிருந்தால் மொட்டைச் சுற்றிப் பனிக்கட்டி கட்டினாலும் உள்ளே 32 டிகிரியை ஒட்டியே நிற்கும். பம்ப் ஓடத் தொடங்கியதும் கைவிளக்கோடு கரைமீது நடந்து, ஒவ்வொரு தெளிப்பான் தலையும் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்ட தலையைத் திறக்க ஒரு கம்பியும், மாற்றுத் தலை இரண்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். நின்றுபோன தலையின் கீழே நனைந்த மொட்டுக்கு, நனையாத மொட்டைவிடக் கேடு அதிகம்.

நிறுத்துவதில்தான் நான் தவறு செய்தேன். மே மாத நடுவில் ஒரு விடியற்காலை. பொழுது ஏறிவிட்டது, வெப்பமானி 34 காட்டியது, டீசல் வீணாகிறதே என்று பம்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். கொடியில் கட்டி இன்னும் கண்ணாடிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. வறண்ட காற்றும் எழுந்தது. அந்தக் கட்டியும் ஈரமும் ஆவியாகும்போது வெப்பத்தை மொட்டிலிருந்தே இழுத்துக்கொண்டன. மூன்று நாள் கழித்துத் தோட்டத்துப் பெரியவர் என்னை அந்தப் பாத்தியின் காற்றுப்பக்க ஓரத்துக்கு அழைத்துப்போனார். ஒரு மொட்டைக் கிள்ளிப் பேனாக்கத்தியால் நெடுக்காகப் பிளந்து உள்ளங்கையில் வைத்தார். வெளியே பச்சையும் சிவப்புமாக நலமாகத் தெரிந்த அதன் நடுவில், பூக்கள் இருக்க வேண்டிய இடத்தில், காபித்தூள் நிறத்தில் ஒரு புள்ளி. அவர் திட்டவில்லை, இன்னும் பத்து மொட்டைப் பிளந்து எண்ணச் சொன்னார். ஏழு கருகியிருந்தன. அந்த ஓரத்தில் அந்த ஆண்டு கூடை வைக்கும்படியாகக் காய் இல்லை. கட்டி தானாக இளகி, தண்டை அசைத்தால் உதிரும் நிலை வரும்வரை பம்பை நிறுத்தாதீர்கள்.

பூவும் தேனீயும்

ஜூனில் பூக்கும். வெளிர் இளஞ்சிவப்பு இதழ்கள் பின்னோக்கி மடங்க, நடுவே அலகுபோல நீண்ட பகுதி தொங்கும். பார்ப்பதற்குக் கொக்கின் தலைபோல இருப்பதால்தான் ‘கிரேன்’ என்ற கொக்கின் பெயர் பழத்துக்கு வந்தது என்பார்கள். ஏக்கருக்கு ஒன்றிரண்டு தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுப்பது வழக்கம். கிரான்பெரிப் பூவில் தேன் அதிகமில்லாததால், பெட்டிகளை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தால் தேனீக்கள் பக்கத்துக் காட்டுப் பூக்களுக்குப் பழகிவிடும். பத்தில் ஒரு பங்கு பூத்த பிறகு இறக்குவது நல்லது. உடல் பருத்த பம்பிள் தேனீக்கள் தூறலிலும் குளிரிலும்கூட உழைப்பவை. கரையோரக் காட்டுச் செடிகளை முழுதாக வெட்டிவிடாமல் வைத்தால் அவை தாமாகவே தங்கும். பூ முடியும்வரை பூச்சிக்கொல்லி கூடாது. பூத்ததில் மூன்றில் ஒரு பங்கு காயானால் நல்ல ஆண்டு என்று கொள்ளலாம்.

கோடை வேலைகள்

கோடையில் வாரத்துக்குச் சுமார் ஓர் அங்குல நீர் வேண்டும், மழையையும் சேர்த்து. வேர் மேலோட்டமாக இருப்பதால் ஒரே நாளில் கொட்டுவதைவிடப் பிரித்து, விடியற்காலையில் விடுவது நல்லது. கடும் வெயிலில் காய் வெந்துபோகும் என்று அஞ்சும் நாள்களில் நண்பகலில் சிறிது நேரம் தெளித்துக் குளிர வைப்பார்கள். உரத்தில் கை நீளக் கூடாது. இந்தக் கொடி ஏழை மண்ணுக்குப் பழகியது. தழைச்சத்தை அமோனிய வடிவில் சிறுசிறு தவணையாகக் கொடுக்க வேண்டும். கூடிப்போனால் படர்தண்டு காடாக மண்டி, காய் நிழலில் அழுகும்.

பூச்சி பார்ப்பதற்கு வட்டவலையைக் கொடிநுனியில் அரைவட்டமாக வீசி நடந்து, 25 வீச்சுக்கு எத்தனை புழு விழுந்தது என்று எண்ணிக் குறிப்பார்கள். ஃபயர்வார்ம் போன்ற இலைப்புழுக்கள் அதில் சிக்கும். ஆனால் உண்மையான எதிரியான பழப்புழு சிக்காது. அதன் அந்துப்பூச்சி இளங்காயின் அடிப்பக்கக் குழிவில், இதழ் உதிர்ந்த தடத்தின் விளிம்புக்குள் முட்டையிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அந்த வெளிறிய தட்டைப் புள்ளி தெரியும். புழு காம்புப்பக்கம் நுழைந்து, ஒன்றைத் தின்று முடித்ததும் நூல் பின்னி அடுத்த காய்க்குப் போகும். ஆகஸ்டில் எல்லாக் காயும் பச்சையாக இருக்க ஒன்று மட்டும் முந்திச் சிவந்திருந்தால் மகிழ வேண்டாம், பிளந்து பாருங்கள்.

களைகளில் கொடியது டாடர் என்ற இலையில்லா மஞ்சள் ஒட்டுண்ணிக் கொடி. ஆரஞ்சு நிற நூல் கண்டு அவிழ்ந்து கிடப்பதுபோலத் தெரியும். விதை கட்டுமுன் அந்த இடத்துக் கொடியையும் சேர்த்தே வெட்டியெடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

மருந்து எதுவானாலும் தேதி, பாத்தி, அளவு மூன்றையும் அன்றே எழுதுங்கள். 1959 நவம்பர் 9 அன்று, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குச் சில வாரங்களே இருந்தபோது, அப்போதைய சுகாதாரத்துறைச் செயலர் ஆர்தர் ஃப்ளெமிங், கிரான்பெரியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் எச்சம் காணப்பட்டதாக அறிவித்தார். அறுவடைக்குப் பிறகு மட்டுமே அனுமதிக்கப்பட்ட மருந்தைச் சிலர் முன்னதாக அடித்ததன் விளைவு அது. அதைத் தொடாதவர்களின் பழமும் சேர்ந்து அந்த ஆண்டு கடைகளில் தேங்கியது. இன்று வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

அறுவடை

செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் முழுவதும் ஓடும். குளிர்ந்த இரவும் தெளிந்த பகலும் சேர்ந்தால் சிவப்பு ஏறும்; நிறத்துக்குத் தனியே விலை கூடுவதால் காத்திருக்கத் தோன்றும். ஆனால் பழுத்த காய்க்கும் உறைபனி அச்சம் உண்டு. வசந்தத்தைப்போலவே இரவுக் காவல் இப்போதும் தேவை. போதாததற்கு மேல்பாத்தியில் பயன்படுத்திய அதே நீரைத்தான் கீழ்ப்பாத்திக்கு இறக்கி மறுபடி பயன்படுத்துகிறோம். எது முன்பு பழுத்தது என்பதும், எதற்கு நீர் முதலில் எட்டும் என்பதும் பல ஆண்டுகளில் ஒத்துப்போவதில்லை. அந்த வரிசையை முடிவு செய்வது குடும்பத்தின் மூத்தவர் வேலை. புதியவர்கள் அதில் கருத்துச் சொல்லாதிருப்பது நலம்.

பதப்படுத்தாமல் அப்படியே கடையில் விற்கும் பழத்தை, பெரும்பாலும் புல்வெட்டும் எந்திரம் போன்ற கருவியால் உலர்ந்த பாத்தியில் சீவியெடுப்பார்கள். அது மொத்தத்தில் சிறு பங்கே. சாறு, சாஸ், உலர்பழம் ஆகியவற்றுக்குப் போகும் மீதி முழுவதும் நீர் அறுவடை. கிரான்பெரிக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால் அது மிதக்கிறது. குறுக்கே வெட்டினால் நான்கும் தெளிவாகத் தெரியும். முதலில் கொடியின் நுனி மூழ்கும் அளவுக்கு, சுமார் 6 முதல் 8 அங்குலம் நீர் விட வேண்டும். டிராக்டரில் பூட்டிய கம்பிச்சட்டமோ சுழலும் உருளையோ பாத்தியின் மேல் போகும்போது காய்கள் காம்பு விட்டுக் கழன்று மேலே வரும். சக்கரத் தடத்தில் கொடி நசுங்குவதால் ஓட்டுநர் எல்லா ஆண்டும் ஒரே தடத்தில் போகக் கூடாது. பிறகு நீரை ஒன்றரை அடி வரை ஏற்றினால் பழம் கொடியில் சிக்காமல் விலகி மிதக்கும்.

அடுத்து, மிதக்கும் வேலியைப் பாத்தியைச் சுற்றி இழுத்து வளைத்துக் குறுக்க வேண்டும். இங்கே காற்றை எதிர்த்து வேலை செய்யாதீர்கள். காலையில் எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்று தள்ளும் மூலையில் பம்பை நிறுத்தினால் பாதி உழைப்பு மிச்சம். பம்ப் பழத்தை உறிஞ்சி, இலையையும் தண்ணீரையும் பிரித்து, லாரியில் கொட்டும். நால்வர் மரத்துடுப்புகளால் பழத்தைப் பம்பின் வாய்க்கு மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அவசரப்படுத்தினால் வாய் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். ரப்பர் கால்சட்டைக்குள் கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்; மார்புப்பகுதியில் வார்ப்பட்டையை இறுக்குங்கள், இல்லையென்றால் விழுந்தால் உள்ளே நீர் நிரம்பிவிடும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். ஒன்றரை அடித் தண்ணீர்தானே என்று வீரமாக நடப்பவர் கரையோரப் பள்ளத்தில் கழுத்தளவு இறங்குவதை ஒவ்வோர் ஆண்டும் காணலாம். நீர் ஏறும்போது பாத்தியில் வாழும் ஓநாய்ச் சிலந்திகள் உயர்ந்த இடம் தேடும். அசையாமல் நிற்கும் மனிதர்தான் அவற்றுக்குக் கிடைக்கும் உயர்ந்த இடம். அவை ஆபத்தானவை அல்ல, பூச்சிகளைத் தின்று உதவுபவை. தோளில் ஏறினால் அடிக்காமல் எடுத்துக் கரையில் விடுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் வர இரண்டு அறுவடை ஆனது.

வீடும் கணக்கும்

அறுவடையில் வீடு முழுவதும் தோட்டத்தில் இருக்கும். ஓய்வுபெற்ற அத்தை லாரிச் சீட்டு எழுதுவார், மருமகள் பம்ப் ஓட்டுவார், கல்லூரிப் பிள்ளைகள் வார இறுதியில் வேலி இழுப்பார்கள். நண்பகல் உணவு லாரியின் பின்பலகைமீது நடக்கும். குழந்தைகளைக் கரையில் விளையாட விடுவதுண்டு. ஆனால் டிராக்டரின் சுழல்தண்டு ஓடும்போதும், மதகருகிலும் அவர்கள் இருக்கக் கூடாது என்ற விதியில் தளர்வு வேண்டாம். வாரன்ஸ் ஊரில் செப்டம்பர் கடைசியில் பெரிய கிரான்பெரித் திருவிழா நடக்கும். ஊரெல்லாம் கூடும்போது தோட்டக்காரர்களால் அரைநாள்கூடப் போக முடிவதில்லை.

விலை பீப்பாய்க் கணக்கு. ஒரு பீப்பாய் என்பது 100 பவுண்டு. பல குடும்பங்கள் 1930-இல் தொடங்கிய ஓஷன் ஸ்பிரே கூட்டுறவில் உறுப்பினர்கள். மற்றவர்கள் தனி நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். 1990-களின் நடுவில் பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்றபோது எல்லோரும் கடன் வாங்கிப் புதுப்பாத்தி வெட்டினார்கள். அந்தப் பாத்திகள் காய்ப்புக்கு வந்த வேளையில், 1999-இல் விலை 20 டாலருக்குக் கீழே சரிந்தது. 2000, 2001 ஆண்டுகளில் எவ்வளவு விற்கலாம் என்பதற்கே வரம்பு போட நேர்ந்தது. நட்டு 4 ஆண்டு கழித்துக் காய்க்கும் பயிரில் இன்றைய விலையை நம்பி நடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மதகு திறப்பதுதான். விலை நன்றாக இருக்கும் ஆண்டில் பழைய பாத்தியின் ரகத்தை மாற்றுங்கள், தெளிப்பான் குழாயைப் புதுப்பியுங்கள், கடனை அடையுங்கள். வீட்டுச் செலவுக்குத் தம்பதியரில் ஒருவர் வெளியே சம்பள வேலையில் இருப்பது பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைவாக நினைப்பவர் யாரும் அங்கே இல்லை. நிலம் யாருக்கு, நீர்த்தேக்கம் யாருக்கு, மதகைத் திறக்கும் முடிவு யாருடையது என்பதைப் பெரியவர்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். இரண்டு பிள்ளைகள் பாத்தியைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே நீர்த்தேக்கத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது.

கடைசி லாரி போன பிறகும் சில நாள் வேலை மிச்சமிருக்கும். கரையோரம் ஒதுங்கிய இலையையும் சுள்ளியையும் அழுகுமுன் அள்ளி வெளியேற்றுங்கள். பாத்தியை வடித்து வேர் மூச்சுவிடச் செய்யுங்கள். தெளிப்பான் தலைகளைக் கழற்றிப் பாத்தி எண் எழுதிய வாளிகளில் போட்டு வையுங்கள். மதகுப் பலகைகளில் விரிசல் கண்டவற்றை ஒதுக்கி, புதியவற்றை அறுத்து அளவு பாருங்கள். பிறகு தண்டுநுனியில் கட்டியிருக்கும் மொட்டுகளைப் பாத்திவாரியாக எண்ணி நோட்டில் குறியுங்கள். தரை உறைந்ததை நவம்பரின் பிற்பகுதியிலிருந்து தினமும் குச்சியால் குத்திப் பாருங்கள். குச்சி இறங்காத நாளில் முதல் பலகையைச் செருகலாம்.